இன்னும் ஐந்தே வருடம்

அத்தியாயம் 1: எலியின் மீசை

1952, நியூயார்க். நார்மன் ஓரன்ட்ரைக் என்ற தோல் மருத்துவர், ஒருவரின் பின்னந்தலையிலிருந்து முடியோடு சேர்த்து வட்ட வட்டமாகச் சில தோல் துண்டுகளைத் துளைத்தெடுத்தார். அவற்றை அதே ஆளின் முன்னந்தலை வழுக்கையில் பதித்துக் கட்டுப் போட்டு அனுப்பினார்.

அந்தக் காலத்தில் வழுக்கைக்குக் காரணம் கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். உச்சந்தலையில் ரத்த ஓட்டம் போதவில்லை, மண்டைத் தோல் இறுகிவிட்டது, எந்நேரமும் தொப்பி போட்டதால் வந்தது. எல்லாமே இடத்தின் மேல் பழி போடும் காரணங்கள். அவை சரியென்றால், பதித்த துண்டுகளிலும் முடி கொஞ்ச நாளில் கொட்டிப்போய் வழுக்கையோடு வழுக்கையாகியிருக்க வேண்டும்.

ஆகவில்லை. முடி முளைத்தது, நின்றது, முடிதிருத்தகத்துக்குப் போய் வெட்டிக்கொள்ளும் அளவுக்கு வளர்ந்தது.

பின்னந்தலை மயிர்க்காலை எங்கே கொண்டுபோய் வைத்தாலும் அது தன் குணத்தை விடுவதில்லை. ஆக, குற்றவாளி இடம் அல்ல, மயிர்க்காலேதான். இதை ஓரன்ட்ரைக் கட்டுரையாக அச்சில் பார்க்க 1959 ஆகிவிட்டது. ஜப்பானில் ஷோஜி ஒகுடா என்ற மருத்துவர் 1939-லேயே இதே மாதிரி தோல் துண்டுகளைப் பதித்து முடி வளர்த்துக் காட்டியிருந்தார். ஆனால் உலகப் போர் மூண்டதில், அவருடைய கட்டுரை மேற்கத்திய மருத்துவர்கள் கண்ணில் படாமலே போய்விட்டது.

இன்று ‘ஹேர் டிரான்ஸ்பிளான்ட்’ என்று போர்டு மாட்டியிருக்கும் அத்தனை பேருக்கும் மூலதனம் இந்த ஒரு கண்டுபிடிப்புதான். ஆனால் அதன் கணக்கு கொடுமையானது. மனிதத் தலையில் ஏறக்குறைய 1 லட்சம் முடிகள். மயிர்க்கால்கள் எல்லாம் தாயின் வயிற்றில் இருக்கும்போதே போடப்பட்டுவிடும். பிறந்த பிறகு புதிதாக ஒன்றுகூட உருவாவதில்லை. டிரான்ஸ்பிளான்ட் செய்யும் மருத்துவர் முடியை உண்டாக்குவதில்லை, இடம் மாற்றுகிறார். பின்னந்தலையிலிருந்து வாழ்நாள் முழுக்க எடுத்தாலும் பெரும்பாலோருக்கு ஐயாயிரம், ஆறாயிரம் கிராஃப்டுக்கு, அதாவது பெயர்த்து நடும் முடித் துண்டுக்கு, மேல் தேறாது. முழு வழுக்கையை மூட அது எந்த மூலைக்கு?

மாத்திரையும் லோஷனும் வந்தது பிற்பாடு. ஆனால் 1942-லேயே ஜேம்ஸ் ஹாமில்டன் என்ற அமெரிக்கர், பருவம் எய்தும் முன்பே விதை நீக்கப்பட்ட ஆண்களுக்கு வழுக்கை விழுவதில்லை என்று காட்டினார். அவர்களில் வழுக்கைப் பரம்பரையைச் சேர்ந்தவர்களுக்கு ஆண் ஹார்மோன் கொடுத்தால் முடி கொட்ட ஆரம்பித்தது. அந்த வழியில் வந்ததுதான் ஃபினாஸ்டெரைட் மாத்திரை. மினாக்ஸிடிலின் கதை வேறு. ரத்தக் கொதிப்புக்குக் கொடுத்த மாத்திரை கண்ட இடத்தில் முடியை முளைக்க வைத்ததால், அதையே லோஷனாக்கித் தலையில் தடவச் சொன்னார்கள். இரண்டுமே மிச்சமிருப்பதைக் காப்பாற்றும். நிறுத்தினால் காப்பாற்றியதும் போய்விடும்.

ஆகவே இந்தத் தொடரில் நாம் துரத்தப்போகும் கேள்வி இதுதான்: ஒரு மயிர்க்காலை எடுத்து அதை ஆயிரமாகப் பெருக்க முடியுமா?

முதலில் மயிர்க்காலுக்குள் கொஞ்சம் எட்டிப் பார்த்துவிடலாம். முடி என்பது செத்துப்போன செல்கள் அடுக்கப்பட்ட கம்பி. அதைக் கட்டுவது மயிர்க்காலின் அடியில் உள்ள உயிருள்ள செல்கள். அந்தச் செல்களுக்கு நடுவே, குமிழின் அடிவயிற்றில், வேறு ஜாதிச் செல்கள் கொஞ்சம் கொத்தாக உட்கார்ந்திருக்கும். பெயர் டெர்மல் பாப்பில்லா. இந்தக் கொத்து தானாக முடி கட்டாது. கட்டட வேலையில் மேஸ்திரி மாதிரி, சுற்றியிருப்பவர்களிடம் ‘இப்போது கட்டு’, ‘இப்போது நிறுத்து’, ‘கொஞ்சம் தடியாகக் கட்டு’ என்று ரசாயன மொழியில் சொல்லிக்கொண்டே இருக்கும். வழுக்கை விழும் தலையில் ஆண் ஹார்மோனின் பேச்சைக் கேட்பது இந்த மேஸ்திரிதான். கொத்து சுருங்கும், கொத்தோடு மயிர்க்காலும் சுருங்கும், தடித்த முடி பூனைமுடியாகும். சொட்டைத் தலையைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள், முடி இருக்கும். கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெலிந்துபோய் இருக்கும்.

பாப்பில்லாதான் மேஸ்திரி என்பதை நிரூபித்தவர் ராய் ஆலிவர். 1960-களில் பிரிட்டனில் எலிகளின் மீசையை வைத்து ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவர். இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த ஆளும் அவர்தான், ஏனென்றால் வழுக்கையைக் குணப்படுத்துகிறேன் என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை.

மீசை ஏன்? எலியின் மீசை முடிகள் வரிசை வரிசையாக, ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் முளைப்பவை. எல்லா எலிக்கும் ஒரே அமைப்பு. இரண்டாம் வரிசையில் மூன்றாவது முடியில் கை வைத்தால், ஆறு மாதம் கழித்து வந்து பார்த்தாலும் அதே முடியைக் கண்டுபிடித்துவிடலாம். மயிர்க்காலும் பெரிசு, மைக்ரோஸ்கோப்பின் கீழ் நுனிக் கத்தியால் அறுக்கத் தோதானது.

ஆலிவர் மயக்கம் கொடுத்த எலியின் கன்னத்தோலைத் திறந்து, ஒரு மீசை மயிர்க்காலின் அடிப்பகுதியை வெளியே கொண்டுவந்தார். பாப்பில்லாவை மட்டும் துல்லியமாக எடுத்துவிட்டுத் தையல் போட்டார். மேஸ்திரி இல்லை, இனி வேலை நடக்காது. இதுதான் எதிர்பார்ப்பு.

வாரங்கள் கழிந்தன. அறுத்த இடத்தில் மீசை முளைத்துவிட்டது.

ஒரு எலியில் என்றால் கை தவறியிருக்கும் என்று விட்டுவிடலாம். பல எலிகளில் இதே கதை. மேஸ்திரியைத் தூக்கி வெளியே போட்ட பிறகு உள்ளே இருந்து வேலை வாங்கியது யார்?

(தொடரும்)

அத்தியாயம் 2: மனைவியின் கை

பாப்பில்லாவை எடுத்த பிறகும் எலிக்கு மீசை முளைத்த இடத்தில் சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம்.

ஆலிவர் அடுத்த எலிகளில் பாப்பில்லாவோடு மயிர்க்காலின் அடிப்பகுதியையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுதலாக வெட்டிப் பார்த்தார். அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரைக்கும் வெட்டினால் மீசை திரும்ப வந்தது. அதற்கு மேல் வெட்டினால் வரவில்லை. வந்த இடங்களை அறுத்துப் பார்த்தபோது உள்ளே புத்தம் புதிய பாப்பில்லா உட்கார்ந்திருந்தது. மயிர்க்காலைச் சுற்றி வெளியே ஒரு மெல்லிய உறை உண்டு. அந்த உறையின் அடிப்பகுதிச் செல்கள்தான் உள்ளே நகர்ந்து மேஸ்திரி வேலையை எடுத்துக்கொண்டிருந்தன.

இந்த உறையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஐம்பது வருடம் கழித்து டோக்கியோவில் இதன் பேரில் ஊசி போடுவார்கள்.

பிறகு ஆலிவர் எதிர்த்திசையில் போனார். பாதிக்கு மேல் வெட்டப்பட்டு இனி முளைக்கவே வழியில்லாத மயிர்க்காலின் மேல் துண்டை எடுத்து, அதன் அடியில் வேறொரு பாப்பில்லாவைக் கொண்டுவந்து வைத்தார். செத்ததாக எழுதிவைத்த மயிர்க்காலில் மீசை முளைத்தது. மேஸ்திரியை ஒரு இடத்திலிருந்து எடுத்து இன்னொரு இடத்தில் வைத்தாலும் வேலை நடக்கும் என்பது உறுதியாயிற்று.

அப்படியானால் மேஸ்திரிகளைக் கண்ணாடித் தட்டில் வளர்த்துப் பெருக்கினால்?

இந்தக் கேள்வியோடு அடுத்த தலைமுறை வந்தது. ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தில் காலின் ஜஹோடா, கென் ஹார்ன் இருவரும் ஆலிவருடன் சேர்ந்து எலி பாப்பில்லாவைப் பிரித்து, சத்துத் திரவம் ஊற்றிய தட்டுகளில் வளர்த்தார்கள். செல்கள் தட்டின் அடியில் ஒட்டிக்கொண்டு பெருகின. தட்டு நிரம்பியதும் பிரித்து அடுத்த தட்டு, அது நிரம்பியதும் அதற்கடுத்த தட்டு. இப்படிப் பெருக்கிய செல்களை மொட்டையாக வெட்டப்பட்ட மீசை மயிர்க்காலின் அடியில் வைத்தபோது மீசை முளைத்தது. 1984-இல் ‘நேச்சர்’ இதழில் கட்டுரை வந்தது. வழுக்கைக்குச் செல் வைத்தியம் என்ற எண்ணத்துக்குப் பிறந்த தேதி போட வேண்டுமென்றால் நான் அதைத்தான் போடுவேன்.

அந்தக் கட்டுரைக்குப் பின்னாலேயே ஒரு கெட்ட செய்தியும் வந்தது. முதல் சில தட்டுகள் வரை வளர்ந்த செல்களுக்குத்தான் முடி முளைக்கவைக்கும் சக்தி இருந்தது. ஆறாவது, ஏழாவது முறை என்று பிரித்துப் பிரித்து வளர்த்தவற்றுக்கு அது போய்விட்டிருந்தது. செல் செத்துப்போகவில்லை, நோயும் இல்லை, ஆரோக்கியமாகப் பெருகிக்கொண்டுதான் இருந்தது. வேலையை மட்டும் மறந்துவிட்டது. எலிச் செல்லே இப்படி என்றால், மனிதச் செல் இன்னும் மோசம். தட்டில் ஒட்டிய கொஞ்ச நாளிலேயே மறந்துவிடும்.

ஜஹோடா அங்கிருந்து இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அவருடைய மனைவி அமாண்டா ரெனால்ட்ஸும் அதே துறை ஆராய்ச்சியாளர். எலியில் இத்தனை செய்தாயிற்று, மனிதனில் ஒரு முறையாவது செய்து பார்க்க வேண்டும். யாரிடம் போய்க் கேட்பது?

தலை கணவனுடையது, கை மனைவியினுடையது என்று முடிவாயிற்று.

ஜஹோடாவின் தலையிலிருந்து சில மயிர்க்கால்களை எடுத்தார்கள். மைக்ரோஸ்கோப்பின் கீழ் அவற்றின் அடியிலிருந்து அந்த உறைத் திசுவை மட்டும் பிரித்தார்கள். ரெனால்ட்ஸின் முன்கையில் சிறு காயம் செய்து, அதற்குள் வைத்து மூடினார்கள்.

இது மூன்று காரணங்களுக்காக நடக்கவே கூடாத சோதனை. ஒன்று, வளர்ந்த மனிதருக்குப் புதிய மயிர்க்கால் உருவாகாது என்பது பாடப்புத்தகம். இரண்டு, இவருடைய திசுவுக்கும் அவருடைய திசுவுக்கும் பொருத்தம் கிடையாது. கிட்னியாக இருந்தால் உடம்பு கொஞ்ச நாளில் அடித்துத் துரத்தியிருக்கும். மருந்து எதுவும் கொடுக்கப்படவில்லை. மூன்று, இடம் பெண்ணின் முன்கை, பொருள் ஆணின் உச்சந்தலை.

சில வாரங்களில் அந்தக் கையில் முடி முளைத்தது. பக்கத்தில் இருந்த மெல்லிய கைமுடி மாதிரி இல்லை. கறுப்பாக, தடித்து, ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் பார்த்து நின்றன. காயத்தில் சொறிவு இல்லை, வீக்கம் இல்லை, உடம்பு எதிர்த்ததற்கான எந்த அடையாளமும் இல்லை. அந்த இடத்தை வெட்டியெடுத்துப் பரிசோதித்தார்கள். ஒரு பெண்ணின் கையில் முளைத்த மயிர்க்காலின் பாப்பில்லாவில் ஒய் குரோமோசோம் இருந்தது. முடியைக் கட்டிய செல்கள் மனைவியினுடையவை, கட்டச் சொன்ன மேஸ்திரி கணவனுடையது.

1999 நவம்பரில் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்த அந்தக் கட்டுரை இரண்டே பக்கம். நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்திலிருந்து ஏஞ்சலா கிறிஸ்டியானோவும் அதில் பெயர் போட்டிருந்தார். அவருக்கே திட்டுத் திட்டாக முடி கொட்டும் புழுவெட்டு இருந்தது. அதை அவர் மறைத்ததும் இல்லை. அவர் மறுபடி வருவார்.

பத்திரிகைகள் கொண்டாடித் தீர்த்தன. வழுக்கையின் கடைசிக் காலம் வந்துவிட்டது, இன்னும் ஐந்தாறு வருடத்தில் ஊசி வந்துவிடும் என்ற பேச்சு அப்போது கிளம்பியதுதான். முடி கொட்டியவர்களிடையே பிற்பாடு இது ஒரு கசப்பான ஜோக்காகவே ஆகிவிட்டது: “வழுக்கைக்கு மருந்து இன்னும் ஐந்தே வருடத்தில்! எப்போது கேட்டாலும் இன்னும் ஐந்தே வருடத்தில்!”

பணம் வந்தது. மான்செஸ்டரில் இன்டர்சைடெக்ஸ் என்ற கம்பெனி, அமெரிக்காவில் ஆடரான்ஸ் ஆராய்ச்சி நிறுவனம். இரண்டாவதன் தாய்க் கம்பெனி ஜப்பானில் விக் விற்பவர்கள் என்பதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. யோசித்துப் பார்த்தால் தங்கள் வியாபாரத்துக்குத் தாங்களே வேட்டு வைக்கத் துணிந்தவர்கள் என்று பாராட்டத்தான் வேண்டும்.

எல்லோர் கையிலும் அந்த இரண்டு பக்கக் கட்டுரை இருந்தது. முதலீடு செய்தவர்களும் அதைப் படித்திருந்தார்கள். ஆனால் அதில் ஜஹோடா குழு செய்யாமல் விட்ட ஒரு காரியம் இருந்தது. கம்பெனிகளுக்கோ அதைச் செய்யாமல் ஒரு பைசா வருமானம் கிடையாது.

(தொடரும்)

அத்தியாயம் 3: 75 லட்சமா, 3 லட்சமா?

மனைவியின் கையில் வைக்கப்பட்டது தலையிலிருந்து அப்போதுதான் பிரித்த திசு. தட்டில் வளர்த்துப் பெருக்கிய செல் அல்ல.

விஷயம் இவ்வளவுதான். பிரித்ததை அப்படியே வைத்தால் முளைக்கும். ஆனால் ஒரு மயிர்க்காலுக்கு ஒரு மயிர்க்கால் என்றால் அது பழைய டிரான்ஸ்பிளான்ட் கணக்குக்கே திரும்பிவிடுகிறது. பெருக்க வேண்டும். பெருக்கினால் செல் மறந்துவிடும். அடுத்த இருபது வருடத்தின் கதை முழுக்க இந்த முட்டுச்சந்தில்தான் நடக்கிறது.

இன்டர்சைடெக்ஸின் திட்டம் கேட்பதற்கு எளிது. பின்னந்தலையிலிருந்து கொஞ்சம் மயிர்க்கால்கள், அவற்றின் பாப்பில்லா செல்கள், சில வாரம் தட்டில் வளர்ப்பு, பிறகு வழுக்கையில் நூற்றுக்கணக்கான குட்டி ஊசிகள். 2008-இல் இரண்டாம் கட்டச் சோதனையின் இடைக்கால முடிவுகளைச் சொன்னபோது நம்பிக்கை இருந்தது. ஓரிரு வருடத்துக்குள் கம்பெனியிடம் பணம் தீர்ந்து, முடித் திட்டம் ஆடரான்ஸ் கைக்குப் போனது. ஆடரான்ஸும் சோதனைகள் நடத்தி, 2013-இல் ஆராய்ச்சி நிறுவனத்தை மூடிவிட்டது. விக் வியாபாரம் தொடர்ந்தது.

இந்தச் சோதனைகளில் ‘முடி முளைத்தது’ என்பதை எப்படி அளக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டால் விளம்பரங்களைப் படிக்கும் விதமே மாறிவிடும். வழுக்கை ஓரத்தில் பச்சை குத்துவது போல ஒரு சின்னப் புள்ளி வைப்பார்கள். புள்ளியைச் சுற்றி ஒரு சதுர சென்டிமீட்டர் அளவுக்கு முடியை ஒட்ட வெட்டிவிட்டு, கேமராவைத் தோலோடு ஒட்டிவைத்துப் படம் எடுப்பார்கள். ஆறு மாதம் கழித்து அதே புள்ளியைத் தேடிக் கண்டுபிடித்து மறுபடி வெட்டு, மறுபடி படம். பிறகு எந்தப் படம் முதலாவது, எந்தப் படம் இரண்டாவது என்று தெரியாத ஒருவர் உட்கார்ந்து முடியை ஒவ்வொன்றாக எண்ணுவார். இன்னொரு புள்ளியில் செல் இல்லாத வெறும் திரவத்தை ஊசியில் ஏற்றியிருப்பார்கள். அந்த இடத்திலும் எண்ணுவார்கள். வெறும் திரவத்திலும் எண்ணிக்கை சற்றுக் கூடுவது உண்டு. ஊசி குத்துவதே தோலைக் கொஞ்சம் உசுப்பிவிடும், பருவத்துக்குப் பருவம் முடி உதிர்வதும் மாறும். ஆகவே ‘முன்பு, பின்பு’ என்று இரண்டு போட்டோவைக் காட்டினால் அது எதையும் நிரூபிப்பதில்லை. வெறும் ஊசி போட்ட இடம் என்ன ஆயிற்று என்று காட்டாதவரை, விளக்கு வெளிச்சத்தை மாற்றியே இருபது சதவீதம் முடி கூட்டிக் காட்டிவிடலாம்.

கம்பெனிகள் மூடிக்கொண்டிருந்த அதே 2013-இல் ஒரு நல்ல செய்தி வந்தது. கிளேர் ஹிக்கின்ஸ், ஜஹோடா, கிறிஸ்டியானோ மூவரும் ஒரு பழைய சந்தேகத்தைப் பிடித்துக்கொண்டார்கள். எலியின் பாப்பில்லா செல்களைத் தட்டில் போட்டால் அவை தாமாகவே ஒன்றுகூடிக் கொத்தாகும். மனிதச் செல்கள் தட்டின் அடியில் தனித்தனியாகப் பரவிக் கிடக்கும். மறதிக்குக் காரணம் அந்தத் தனிமையாக இருந்தால்?

அவர்கள் செய்த உபாயம் எந்தக் கல்லூரி லேபிலும் செய்யக்கூடியது. தட்டின் மூடியில் சில ஆயிரம் செல்கள் உள்ள திரவத்தைத் துளித் துளியாக வைத்து, மூடியைச் சட்டென்று தலைகீழாகத் திருப்புவது. துளி கீழே விழாமல் தொங்கும். செல்கள் துளியின் அடிக்கு இறங்கும். ஒட்டிக்கொள்ளத் தட்டு இல்லாததால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு உருண்டையாகும். அந்த உருண்டைகளில் மரபணுக்கள் எப்படி இயங்குகின்றன என்று பார்த்தார்கள். தட்டில் தொலைந்துபோன இயக்கத்தில் 22 சதவீதம் அளவுக்குத் திரும்பி வந்திருந்தது. முழுசாக இல்லை. ஆனால் போதுமா?

சோதிக்க, முடியே முளைக்காத ஒரு மனிதத் தோல் வேண்டும். சுன்னத்து செய்த குழந்தைகளின் முன்தோலை எடுத்தார்கள். தோலின் இரண்டு அடுக்குகளுக்கு நடுவே உருண்டைகளை வைத்து, அதை எலிகளின் முதுகில் ஒட்டினார்கள். ஏழு பேரிடமிருந்து எடுத்த செல்களில் ஐந்து பேருடையவை வேலை செய்தன. குறைந்தது ஆறு வாரத்துக்கு மயிர்க்கால்கள் நின்றன. வளர்த்துப் பெருக்கிய மனிதச் செல்லால், மனிதத் தோலில், புதிய மயிர்க்கால். ஜஹோடாவுக்கு இது டண்டீயிலிருந்து ஏறக்குறைய முப்பது வருட நடை.

இதை வைத்துக்கொண்டு மறுபடி யாராவது ‘ஐந்து வருடம்’ என்றால் என்ன பதில் சொல்ல வேண்டும்? அந்த முடிகள் குட்டையானவை. சில நிறமில்லாதவை. எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று அவற்றுக்குத் தெரியாது. தலைமுடி உதிர்ந்து மறுபடி முளைக்கும் சுழற்சிக்கு வருடக் கணக்காகும். அதை ஆறு வாரத்தில் யாரும் பார்க்க முடியாது.

ஜப்பானில் தகாஷி சுஜி வேறு வழியில் வந்தார். டோக்கியோ அறிவியல் பல்கலைக்கழகத்தில் அவருடைய குழு, மேஸ்திரியையும் வேலையாட்களையும் இரண்டு வகைச் செல்களாகச் சேர்த்தே ஒரு மயிர்க்கால் மொட்டு செய்து, முடியில்லா எலியின் தோலில் நட்டது. 2012-இல் வெளியான அந்தப் படத்தில் எலியின் முதுகில் குச்சம் குச்சமாகக் கறுப்பு முடி நின்றது. அவை உதிர்ந்து மறுபடியும் முளைத்தன. 2016-இல் ரைக்கன் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து கியோசெரா கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டு, 2020-இல் மக்களுக்குக் கொண்டுவருவது லட்சியம் என்று அறிவித்தார்கள். 2020 வந்தது. சிகிச்சை வரவில்லை. சுஜியின் விஞ்ஞானம் பொய்யல்ல. எலி முதுகிலிருந்து மனிதத் தலைக்கு வர ஆகும் செலவையும் பாதுகாப்புச் சோதனையையும் காலண்டரில் யாரும் சரியாகக் குறித்ததில்லை.

இப்போது அந்த உறைக்கு வருவோம். ஆலிவர் பாப்பில்லாவை எடுத்த பிறகும் மீசையை முளைக்கவைத்த உறை. ரோல்ஃப் ஹாஃப்மன், கெவின் மெக்எல்வி என்ற இருவர், உறையின் அடிக்கிண்ணச் செல்களைத் தட்டில் வளர்த்து எலியின் காதில் போட்டு முடி முளைப்பதை 2003-இல் காட்டினார்கள். அவர்கள் பின்னால் வான்கூவரில் ரெப்ளிசெல் என்ற கம்பெனி வந்தது. முதல் மனிதச் சோதனை ஜார்ஜியா நாட்டின் திபிலிசியில், 19 பேர் மீது நடந்தது. பெரிய பக்கவிளைவு இல்லை. பலன் கலவையாக இருந்தது. 2013-இல் ஜப்பானின் ஷிசெய்டோ அந்தச் சிகிச்சைக்கான உரிமையை வாங்கியது. லிப்ஸ்டிக்கும் கிரீமும் விற்கும் அதே ஷிசெய்டோதான்.

ஷிசெய்டோ அவசரப்படவில்லை. டோக்கியோ மருத்துவப் பல்கலைக்கழகம், டோஹோ பல்கலைக்கழகம் இரண்டோடும் சேர்ந்து ஒழுங்கான சோதனை நடத்தியது. 65 பேர், அவர்களில் 15 பேர் பெண்கள். ஒவ்வொருவர் தலையிலும் நான்கு இடங்கள். ஒன்றில் 75 லட்சம் செல்கள், ஒன்றில் 15 லட்சம், ஒன்றில் 3 லட்சம், நான்காவதில் செல்லே இல்லாத வெறும் திரவம். எந்த இடத்தில் எது என்று ஊசி வாங்கியவருக்கும் தெரியாது, முடி எண்ணியவருக்கும் தெரியாது. இவ்வளவு கறாராக இந்தத் துறையில் நடந்த சோதனைகள் மிகக் குறைவு. அதனால்தான் 2020-இல் வெளியான அதன் முடிவை நான் நம்புகிறேன்.

யாரும் 75 லட்சத்தின் மேல்தான் பந்தயம் கட்டியிருப்பார்கள். 75 லட்சம் போட்ட இடத்தில் வெறும் திரவத்தைவிட உறுதியான வித்தியாசம் இல்லை. 15 லட்சத்திலும் இல்லை. 3 லட்சம் போட்ட இடத்தில் ஆறாவது மாதமும் ஒன்பதாவது மாதமும் முடியின் அடர்த்தியும் தடிமனும் வெறும் திரவத்தைத் தாண்டின. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே மாதிரி.

குறைவாகப் போட்டால் ஏன் பலன்? நெருக்கியடித்து ஊசியில் ஏறும் செல்கள் அங்கேயே மூச்சுமுட்டிச் செத்துவிடுகின்றனவா, அதிகச் செல்கள் தோலில் அழற்சியைக் கிளப்புகின்றனவா, இரண்டுக்கும் வாய்ப்பு உண்டு. ஒன்று மட்டும் தெளிவு: இந்த ஊசி புதிய மயிர்க்காலை உண்டாக்கவில்லை. மெலிந்த மயிர்க்காலைக் கொஞ்சம் தடிக்கவைக்கிறது. அதுவும் சோதித்தது தலையில் சின்னச் சின்ன இடங்களில்தான். முன்னந்தலை பளபளவென்று ஆகிவிட்டவருக்கு இதில் இப்போதைக்கு ஒன்றுமில்லை. முப்பது வயதில் வகிடு அகலமாகத் தொடங்கியிருக்கும் பெண்ணுக்கு இருக்கலாம்.

நம்மூர் ஹோர்டிங்குகளில் ‘ஸ்டெம் செல் ஹேர் தெரபி’ என்று பார்த்தால் மேலே சொன்ன எதுவும் அங்கே நடப்பதில்லை என்று வைத்துக்கொள்ளலாம். அதிகம் நடப்பது பி.ஆர்.பி. உங்கள் ரத்தத்தையே சுழற்றித் தட்டணுக்கள் மிகுந்த பகுதியைத் தலையில் குத்துவது. சிலருக்கு ஓரளவு பலன் தரும், ஆனால் அது ஸ்டெம் செல்லும் இல்லை, யாரும் எதையும் பெருக்குவதும் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறியில், ரத்தம் உண்டாக்கும் ஸ்டெம் செல் மாற்று தவிர மற்ற ஸ்டெம் செல் சிகிச்சை எல்லாமே சோதனை நிலைதான், பதிவு செய்த மருத்துவச் சோதனைக்கு வெளியே கொடுக்கக் கூடாது என்று தெளிவாக இருக்கிறது. எக்ஸோசோம் என்று புதிதாக ஒரு பெயர் வந்திருக்கிறது. முடிக்கோ வேறெதற்கோ அங்கீகரிக்கப்பட்ட எக்ஸோசோம் மருந்து எதுவும் இல்லை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2019 டிசம்பரிலேயே எச்சரித்துவிட்டது. சோதனையில் சேர்கிறவரிடம் சிகிச்சைக்குப் பணம் வாங்குகிறார்கள் என்றால், அது சோதனையா என்ற கேள்வியிலிருந்து ஆரம்பிக்கலாம்.

இதுவரை வந்தவர்கள் எல்லோரும் முடியைத் தேடிப் போனவர்கள். அடுத்து வருபவர் காது செய்யப் போனவர்.

அமெரிக்காவின் இண்டியானாவில் கார்ல் கோலர், காது கேளாமைக்கு வழி தேடி, எலியின் ஸ்டெம் செல்களிலிருந்து உள்காதின் திசுவைத் தட்டில் வளர்த்துக்கொண்டிருந்தார். உள்காது வந்தது. அதோடு ஒட்டிக்கொண்டு வேண்டாத திசு ஒன்றும் வளர்ந்தது. தட்டுகளை வழக்கமாகக் களைந்துவிடும் நாளையும் தாண்டி வைத்திருந்து, மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், உள்பக்கம் வெளியாகப் புரண்ட தோல் உருண்டை, அதைச் சுற்றிலும் மயிர்க்கால்கள். யாருடைய தலையிலிருந்தும் எடுக்காதவை. மேஸ்திரியும் வேலையாட்களும் தட்டிலேயே பிறந்து, தாங்களாகவே வேலையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அடுத்து அவர் மனித ஸ்டெம் செல்லில் அதே காரியத்தைத் தொடங்கினார். நான்கு மாதத்துக்கு மேல் பொறுத்திருந்து, வளர்ந்ததை எலியின் முதுகில் வைத்தார்.

(தொடரும்)